சோக்கால் கீறிய வீடு

இது நடந்தது 2009ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், லண்டன் லூயிஷாமில், எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும் ஒரு தேவாலய மண்டபத்தில். அந்த வருஷத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. சித்திரை முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்தினோம். வைகாசியில் ஊரில் போரோடு எல்லாம் முடிந்தது. ஐப்பசியிலும் எங்களில் பல பேருடைய சொந்தங்கள் வவுனியா முகாம்களில் முள்ளுக்கம்பிக்குப் பின்னால்தான் இருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தாலே குற்றம் செய்தது போல இருந்த காலம் அது.

அந்த நேரத்தில்தான், கனடாவிலிருந்து ஒரு நாடகக் குழு வருகிறது, உங்கள் மண்டபத்தில் சில வாரம் பயிற்சி நடத்திக் கடைசியில் நாடகம் போடுவார்கள், உங்கள் ஆட்களும் சேரலாம் என்று அறிவித்தார்கள். குழு என்றால் பெரிய கூட்டம் இல்லை, இரண்டே பேர். ஒருவர் கனடாவின் பூர்வகுடிப் பெண். அறுபது வயது இருக்கும், நரைத்த ஒற்றைப் பின்னல். மற்றவர் அவரைவிடக் கொஞ்சம் இளைய ஆண். அவருடைய பாட்டனார் உக்ரேனில் நிலமும் இல்லாமல் சாப்பாடும் இல்லாமல் கிடந்து, கப்பலேறிக் கனடாவில் போய்க் குடியேறியவர். அந்தப் பாட்டனாருக்கு அரசாங்கம் கொடுத்த நிலம், அந்தப் பெண்ணின் ஆட்களை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு எடுத்த நிலம். இருவரும் சேர்ந்து அந்தக் கதையைத்தான் ஊர் ஊராக நடித்துக்கொண்டு திரிந்தார்கள். கேட்டதும், இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆனாலும் போனேன். வீட்டில் இருந்தால் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதனால்தான். தனியாகப் போக விருப்பமில்லாமல், என்னோடு வேலை செய்த ஓர் அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் இருவரும் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் வேலை. நான் வாய் ஓயாத ஆள். அவர் பத்து வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுவார், அந்த ஒன்றில் என் பத்தையும் மடக்கிவிடுவார். அப்டன் பார்க்கிலிருந்து ரயில் மாறி மாறி வருகிறவர், எனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். லண்டனில் எனக்குக் கூடப்பிறந்தவர் என்று சொல்ல இருந்தது அவர் ஒருவர்தான்.

அக்கா யாழ்ப்பாணத்து முஸ்லிம். 1990இல், எங்கள் பெயரைச் சொல்லி ஆயுதம் தூக்கியவர்கள், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் கையில் கிடைத்ததோடு ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். அவர்களும் போனார்கள். அக்காவுக்கு அப்போது கல்யாணம் பேசியிருந்த வயது. பிறகு புத்தளத்தில் அகதி முகாம், ஒல்லாந்து, லண்டன். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. யாழ்ப்பாணத்து மாம்பழத்தைப் பேசுவோம், பேருந்து நிலையத்தைப் பேசுவோம், அந்த ஒன்றை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போய்விடுவோம்.

முதல் நாளே ஒரு கூத்து. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தக் கனடாப் பெண் மண்டபத்துக்குள் வராமல் வாசலில் நின்றார். அவருடைய ஆட்களின் வழக்கமாம், இன்னொருவர் இடத்துக்குப் போனால் அந்த இடத்து ஆட்களிடம் உத்தரவு கேட்காமல் உள்ளே போகக்கூடாது. இது யாருடைய இடம் என்று கேட்டார். எங்கள் சங்கத்துச் செயலாளர் அண்ணை பதறிப்போனார். நாங்கள் வாடகைக்காரர், பாதிரியாரைக் கேளுங்கள் என்றார். பாதிரியார், நிலம் மறைமாவட்டத்துடையது என்று சிரித்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மகாராணி வரைக்கும் போயிருக்கும். கடைசியில் அந்தப் பெண், இங்கே கூட்டித் துடைத்துத் தேநீர் ஊற்றுவது யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

“உள்ளே வரலாமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். விசாவுக்கு வரிசையில் நின்று, வதிவிட உரிமைக்கு வரிசையில் நின்று, வாழ்க்கை முழுக்க உத்தரவு கேட்டே பழகிய எங்களிடம் ஒருவர் உத்தரவு கேட்டது அதுதான் முதல் தடவை. “வாங்கோ” என்று தமிழிலேயே சொன்னேன், அவருக்கு விளங்கியது.

அன்று அவர்கள் தங்கள் நாடகத்தில் ஒரு துண்டை நடித்துக் காட்டினார்கள். மேடை இல்லை, திரை இல்லை. அந்தப் பெண் தரையில் சோக்கட்டியால் வெள்ளைக் கோடுகளாக ஒரு வீட்டைக் கீறி அதற்குள் நின்றார். அந்த ஆண், பூவேலை செய்த துணியில் மாவைப் பின்னிச் சுட்ட வட்டப் பாணும் கொஞ்சம் உப்பும் ஏந்திக்கொண்டு வந்து சோக் கோட்டுக்கு வெளியே நின்றார். உக்ரேன் ஆட்களின் வழக்கத்தில் வீட்டுக்காரர்தான் பாணும் உப்பும் கொடுத்து விருந்தாளியை வரவேற்பாராம். தன் பாட்டனார் கனடாவில் இறங்கிய நாளிலிருந்து தன்னையே வீட்டுக்காரர் என்று நினைத்து வந்தவருக்கெல்லாம் பாண் கொடுத்தார், தான் விருந்தாளி என்பது சாகும்வரை அவருக்குத் தெரியாது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்து, இல்லை என்றார். மிச்ச நாடகம் முழுவதையும் அந்த ஆண் கோட்டுக்கு வெளியே நின்றே நடித்தார். பாண் கை மாறவே இல்லை. முடிந்ததும் நாங்கள் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தோம். பிறகுதான் சொன்னார்கள், அந்தப் பதில் எழுதிவைத்த வசனம் இல்லையாம். ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன தோன்றுகிறதோ அதைத்தான் சொல்வாராம். சில நாள் வா என்பார், சில நாள் இல்லை என்பார். அதில் பொய் சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் அவர்களுக்குள் ஒப்பந்தம். சொல்லிவிட்டு இருவரும் ஒரே கோப்பையில் மாறி மாறித் தேநீர் குடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்கா என் காதில், “இது நல்ல நாடகம். வசனம் பாடமாக்கத் தேவையில்லை” என்றார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் முறை. கண்ணை மூடிக்கொண்டு நடக்கக்கூடிய அளவுக்கு உங்களுக்குப் பழக்கமான ஒரு வீட்டைத் தரையில் கீறுங்கள் என்றார்கள். ஆளுக்கொரு சோக்கட்டி. உங்களோடு வந்தவர் வாசலில் நின்று உத்தரவு கேட்பார், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள், அவ்வளவுதான் விளையாட்டு.

நான் பிறந்த வீட்டைத்தான் கீறத் தொடங்கினேன். அது வடக்குக் கரையோரத்தில் ஒரு ஊர். ஷெல் அடிக்குப் பயந்து நாங்கள் அதைவிட்டு ஓடியபோது நான் சின்னப் பெண். சமையலறை எந்தப் பக்கம் என்றே நினைவுக்கு வரவில்லை. அழித்துவிட்டு, அதற்குப் பிறகு நாங்கள் யாழ்ப்பாணம் டவுனில் இருந்த வீட்டைக் கீறினேன். கை தானாகப் போனது. முன்னால் கேற், அதற்குப் பின்னால் வீட்டுக்குள் தெரியாதபடி ஒரு மறைப்புச் சுவர், விறாந்தை, நடுவில் ஹோல், வலப்பக்கம் இரண்டு அறை, பின்னால் தண்ணீர்த் தொட்டி.

அது ஆட்கள் போன பிறகு பூட்டிக் கிடந்த வீடு. இடம்பெயர்ந்து வந்து கோயில் மடத்தில் படுத்துக் கிடந்த எங்களுக்கு அதை ஒதுக்கிக் கொடுத்தார்கள். இந்த வீட்டுக்காரர் எங்கே என்று நான் கேட்டபோது, “வருவினம், வந்தா குடுத்திட்டுப் போவம்” என்று அம்மா சொன்னார். அதை மனதார நம்பித்தான் சொன்னார். அவர்கள் வரவில்லை. பிறகு நாங்களும் அந்த வீட்டைவிட்டு ஓடவேண்டி வந்தது. அந்த வீட்டைப்பற்றி யார் கேட்டாலும், டவுனில் இருந்தோம் என்பதோடு எங்கள் வீட்டில் எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அக்கா வந்து என் சோக் வாசலில் நின்றார். நான் வழக்கம் போல அவரை வாய் திறக்கவே விடவில்லை. இது ஹோல், இது நான் படுத்த அறை, இதிலே ஒரு ஜன்னல் என்று காட்டிக்கொண்டே போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் கீறியிருந்த சின்னச் சதுரத்தைக் காட்டி, “இது உடுப்புத் தோய்க்கிற கல்லு அக்கா. சரியான பதிவு, நிலத்தோட நிலமாக் கிடக்கும். குனிஞ்சு தோய்ச்சு அம்மாவுக்கு முதுகு நாரியெல்லாம் விட்டுப்போம். எந்த மடையன் இப்பிடிக் கட்டினவன் எண்டு ஒவ்வொரு நாளும் திட்டுவா” என்று சொல்லிச் சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மறைப்புச் சுவரைப் பார்த்தார், திரும்பக் கல்லைப் பார்த்தார்.

“அது தோய்க்கிற கல்லில்லை, தங்கச்சி. இருக்கிற கல்லு. தொழமுந்திக் குந்தியிருந்து வுழூ செய்யிற கல்லு.”

தொழுகைக்கு முன்னால் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவுவதற்காகக் குந்தி இருக்கும் கல். குந்தி இருப்பதற்குக் கட்டியபடியால்தான் அது அவ்வளவு தாழ்வாக, பதிவாக இருந்தது. நான் அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தேன். அந்தக் கல்லில் எங்கள் அழுக்கு உடுப்பையெல்லாம் அடித்துத் தோய்த்தோம். அது என்ன கல் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. “அக்கா, அந்த வீடு எந்தத் தெரு தெரியுமோ...” என்று தொடங்கினேன்.

“சொல்லாதேங்கோ” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போல இருந்தது. அவருடைய வீடாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. உள்ளே வரலாமா என்று அவர் கேட்கவும் இல்லை, வாருங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அந்த வீட்டுக்குள்ளேயே நின்றேன். உள்ளே நிற்பது நானும், வெளியே போவது அவருமாக இருக்கிறதே என்று அப்போதுதான் பட்டது.

எல்லோரும் போன பிறகு தரையைத் துடைக்க வாளியோடு வந்தேன். அந்த உக்ரேன்காரர் இன்னொரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட வந்தார். அவருக்கு விஷயம் விளங்கியிருந்தது. அவர்களுடைய வயலில் அவருடைய பாட்டனார் உழத் தொடங்கியபோது, புல்லுக்குள் வட்டம் வட்டமாகக் கற்கள் கிடந்தனவாம். உழவுக்கு இடைஞ்சல் என்று அவற்றைப் பொறுக்கி மாட்டுக் கொட்டிலுக்கு அத்திவாரம் போட்டார்களாம். அவை அந்தப் பெண்ணின் ஆட்கள் தங்கள் கூடாரங்களைக் காற்றுக்குப் பறக்காமல் ஊன்றி வைத்த கற்கள், ஒவ்வொரு வட்டமும் ஒரு குடும்பம் இருந்த வீடு என்று இந்த நாடகத்தைத் தொடங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிய வந்ததாம். கொட்டில் இன்னும் நிற்கிறது என்றார். ஆறுதலாக வேறொன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகத் துடைத்து முடித்தோம்.

திங்கட்கிழமை சமையலறையில் அக்கா எனக்குப் பக்கத்தில் நின்றே உருளைக்கிழங்கு உரித்தார். பேச்சு இல்லை. மத்தியானம் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய் இருந்து சாப்பிட்டார். அடுத்த நாளும் அப்படித்தான். அந்த வாரமும் போய் அடுத்த வாரமும் வந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. வேலை போனாலும் இன்னொரு வேலை தேடலாம், இந்த மனுஷியை விட்டால் எங்கே போய்த் தேடுவேன் என்று ரயிலில் வரும்போது அழுதிருக்கிறேன்.

இதற்கிடையில் செயலாளர் அண்ணைக்கும் கதை போய்விட்டது. நாடகத்தில் எங்கள் பகுதியாக இதைப் போடப் போகிறோமா என்று கேட்டார். “எங்கட ஆக்கள் கம்பிக்குள்ள கிடக்கினம் பிள்ளை. என்ர தங்கச்சி குடும்பமும் அதுக்கைதான். இப்ப நாங்களே எங்களைக் குற்றஞ்சொல்ல வேணுமே?” என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அந்த வருஷம் அரைவாசியாக மெலிந்துபோயிருந்தார். அக்காவே வரப்போவதில்லை, பிறகு என்ன நாடகம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாடகத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை நானும் வாறன். ஆனா வீட்டை நான்தான் கீறுவன். நீங்கள் வெளியில நிண்டு கேளுங்கோ.”

ஞாயிறு மத்தியானம் மண்டபம் நிறைந்திருந்தது. வயதானவர்கள் முன் வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். செயலாளர் அண்ணை உள்ளே வந்து கதிரையில் இருக்கவில்லை, கதவடியில் நின்றார். அக்கா சோக்கட்டியை எடுத்துக் குனிந்து கீறத் தொடங்கினார். மறைப்புச் சுவர், விறாந்தை, ஹோல். அவருடைய வீடு என் வீட்டைப் போலவே இருந்தது, வேறாகவும் இருந்தது. கடைசியாகத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னச் சதுரத்தைக் கீறினார். கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் நான் அவித்த ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு கோட்டுக்கு வெளியே நின்றேன். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்து முஸ்லிம் வீடுகளில் செய்யும் பண்டம், அக்காவே எனக்குச் சொல்லித் தந்தது அது.

“அக்கா, உள்ளுக்கு வரட்டோ?”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வா என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். நான் மட்டும் இல்லை, மண்டபமே அதைத்தான் எதிர்பார்த்தது.

“இண்டைக்கு ஏலாது, தங்கச்சி.”

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. நான் அப்படியே கோட்டுக்கு வெளியே தரையில் காலை மடக்கி இருந்துவிட்டேன். அக்கா திரும்பிப் போய் அந்தச் சதுரத்தில் குந்தினார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் உயர்த்தினார். இல்லாத தண்ணீரை எடுத்துக் கை கழுவினார், வாய் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார், முழங்கை வரைக்கும் கழுவினார், தலையைத் தடவினார், ஒவ்வொரு காலாகக் கழுவினார். அவசரமே இல்லை. ஊரைவிட்டுப் போன அன்று அவருக்கு அதைச் செய்ய நேரம் கொடுக்கப்படவில்லை என்று பிறகு சொன்னார். கதவடியில் நின்ற செயலாளர் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பிறகு அக்கா எழும்பி வாசலுக்கு வந்தார். கோட்டைத் தாண்டவில்லை. தன் பக்கத்தில் எனக்கு நேரெதிரே சம்மணம் கொட்டி இருந்தார். எங்கள் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு சோக் கோடுதான் இருந்தது.

“அந்தக் கல்லு எப்பிடி இருந்தது?” என்று கேட்டார்.

“வழுவழுப்பா இருந்தது அக்கா. நல்ல வெய்யிலுக்கையும் குளிர்ந்துபோய்த்தான் இருக்கும்.”

“ஓம்” என்றார். “அப்பிடித்தான் இருக்கும்.”

எங்கள் நாடகம் அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை, அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு அந்தக் கனடாக்காரர் இருவரும் நடித்தார்கள். அன்று அந்தப் பெண் அவரை உள்ளே வா என்றார். அவர் கோட்டைத் தாண்டிப் போய்ப் பாணை நீட்டினார். எத்தனையோ ஊரில் நடித்த மனுஷர் எங்கள் மண்டபத்தில் விம்மி அழுதார்.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, வழக்கம் போலப் பாதியை என் தட்டில் வைத்தார். “வட்டிலப்பத்துக்கு ஏலக்காய் காணாது” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

சில வருஷம் கழித்து, போர்க்காலத்தில் பூட்டிக்கிடந்த பாதை திறந்த பிறகு, அக்கா யாழ்ப்பாணம் போய் வந்தார். அவருடைய வீட்டில் இப்போது ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது, அவர்களும் எங்கேயோ இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள்தானாம். “என்ர வீட்டு வாசலில நிண்டு, உள்ளுக்கு வரலாமோ எண்டு கேட்டன்” என்றார். அவர்கள் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் ஒருக்கால் குந்தி இருக்கலாமா என்று கேட்டாராம். அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அது என்ன கல் என்று தெரியாது. அக்கா சொல்லிக் கொடுத்ததும், கல்லில் கிடந்த உடுப்புகளை அள்ளி எடுத்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளாம். வீடு இனிக் கிடைக்குமா என்று நான் கேட்டேன். அக்கா எழும்பித் தேநீர் ஊற்றப் போனார்.

நாங்கள் இருந்த வீட்டின் தெருப் பெயரை அவர் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற நாளில் சொல்வதற்காக அதை மறக்காமல் வைத்திருக்கிறேன். நாடகம் போட்ட அன்று அவர் மரியாதைக்காக ‘வாங்கோ’ என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லி உள்ளே போய் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். ‘ஏலாது’ என்று உண்மையைச் சொல்லிவிட்டு எழும்பி வந்து எனக்கு எதிரே இருந்தாரே, அதனால்தான் அந்த வாசலில் காத்திருப்பது எனக்கு இன்றைக்கும் பாரமாகத் தெரியவில்லை.